பச்சை முகம்

சபை நீலத் திரையைப் பார்க்கக் கூடாது. படக்காரர் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கட்டிக் காத்துவரும் கொள்கை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். புரொஜெக்டருக்கு எந்த வயரிலிருந்தும் சிக்னல் வராவிட்டால் அது சும்மா இருக்காது. திரை முழுக்க நீலத்தைக் கொட்டி, 'சிக்னல் இல்லை' என்று ஊருக்கே எழுதிக் காட்டும். மெனுவும் தெரியக் கூடாது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று கோடு கோடாக இருக்கும் அந்தப் பெட்டி திரையில் வந்து நின்றால், "மேடையில பேசறப்ப பல்செட் கழண்டு விழுந்த மாதிரி" என்பார் படக்காரர். அதனால் கூட்டம் வருவதற்கு முன்பே போய், காலி நாற்காலிகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிடுவார். ஆட்கள் வர ஆரம்பித்ததும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

கல்யாணம், பிறந்த நாள், கம்பெனிக் கூட்டம், இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். பழைய போட்டோக்களை வாங்கிவந்து, கறை நீக்கி, வரிசைப்படுத்தி ஓடவிடுவது அவருடைய மனைவியின் வேலை. வீட்டின் முன்னறையில் சோபா என்று ஒன்று இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். அதன்மேல் கேபிள் சுருள்கள், சுருட்டிய திரைகள், ஸ்பீக்கர் பெட்டிகள். விருந்தாளி வந்தால் சமையலறையில்தான் உட்கார வேண்டும்.

மாமனார் இறந்தபிறகு மாமியாரும் இவர்களோடு வந்துவிட்டார். உள்ளறையைக் கொடுத்தார்கள். வந்த வாரமே அந்த அம்மாள் கேபிள்களைச் சுருட்டும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். "சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சுரும் மாப்ள. கைக்கு ஏதாவது குடுங்க" என்றார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. திரைத் துணியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு திரையையும் உள்ளறையில் குறுக்கே கட்டிய கயிற்றில் விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அதன் கீழேயே அவர் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் படக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டியது. ஆனால் தினமும் காலையில் மாமியார் தேநீரை ஆற்றிக் கொடுக்கும்போது அவர் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்வதில்லை.

"அன்னைக்கு அவரு படத்தைப் போட்டீங்களே மாப்ள," என்று அந்த அம்மாள் ஆரம்பிப்பார். "அப்பிடியே உசுரோட உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. நெத்தியில அந்தத் தழும்புகூடத் தெரிஞ்சுது. நான் கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கவே இல்ல."

"சரி அத்தை."

"பட்டறை ஆளுங்க எல்லாம் சொன்னாங்க, உங்க மருமகன் கைராசிக்காரருன்னு. அவரு இருந்து கேட்டிருக்கணும்."

"டீ ஆறுது அத்தை, நீங்க குடிங்க."

"அந்தப் பயதான்..." என்று நிறுத்திவிட்டு, அந்த அம்மாள் ரொட்டியைப் பிட்டுத் தேநீரில் முக்குவார். முக்கியது ஊறி உள்ளே விழுந்தாலும் கவனிக்க மாட்டார். "வந்து உக்காந்தும் பேச மனசில்லாம எந்திரிச்சுப் போயிட்டான் பாருங்க. வெறும் நாற்காலியக் காட்டிட்டுப் போயிட்டான்."

படக்காரர் எழுந்து, சரியாகவே இருக்கும் ஏதாவது ஒரு பிளக்கைத் திருகிப் பார்க்கப் போய்விடுவார். குற்றம் செய்தவனைத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வான். பாராட்டினால் எங்கே போய் ஒளிவது?

நடந்தது இதுதான்.

மாமனாருக்கு லேத் பட்டறை இருந்தது. இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து தேவைக்கேற்ற உருவத்துக்குக் கொண்டுவரும் வேலை. கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் அவர் வேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. மருமகனைப் பற்றி யாராவது விசாரித்தால், "சுவத்துல வெளிச்சம் அடிக்கிறார்" என்பார். பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள். படக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பு பல வருஷமாக அவருக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

மாமனாருக்கு ஒரே மகன். பட்டறை எனக்கு வேண்டாம் என்று அவன் கடல் தாண்டிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அப்பனும் பிள்ளையும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா இருமுகிறாரா, தம்பி சாப்பிட்டானா என்பதெல்லாம் அம்மா வழியாகத்தான் போய் வந்தது. அப்பா படுத்த படுக்கையானபோதும் அவன் வரவில்லை. லீவு இல்லை என்றான். வரப் பயந்தான் என்பது அவனுடைய அக்காவான படக்காரர் மனைவியின் கட்சி. அவர் உயிர் போன அன்று அவன் போன் செய்தபோது அம்மா ஒரே வார்த்தை சொன்னாள். "இனிமே நீ வர வேண்டாம்." சொல்லிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தவள்தான். பிறகு மகனோடு பேசவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தம்பியைப் பேசவைப்பது அக்காவின் ஏற்பாடு. "வீடியோ கால்ல வா. எல்லாருக்கும் முன்னாடி அம்மாகிட்டப் பேசிரு. அம்மா முதல் வரிசையிலதான் உக்காந்திருக்கும்" என்று கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். மகன் பேசப் போகிறான் என்று கேட்டதும் அம்மா மறுப்புச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு துடைப்பில் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது என்று மகளுக்குத் தெரிந்தது.

ஹாலில் படக்காரர் இரண்டு லேப்டாப் வைத்திருந்தார். முதல் வயரில் மாமனாரின் போட்டோக்கள். இரண்டாவது வயரில் மச்சானின் வீடியோ கால். இரண்டு வயரும் புரொஜெக்டருக்குள் போகும். ரிமோட்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் படம் திரைக்கு வரும், அதன் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். மற்றது உள்ளே வந்தும் வாசலில் நிற்கும். லேப்டாப்பின் சொந்தச் சத்தத்தை அவர் நிறுத்தி வைத்திருந்தார், இரண்டு சத்தம் கேட்டால் எதிரொலிக்கும் என்று. இரண்டாவது லேப்டாப்பின் தலையில் ஒரு சின்னக் கேமரா, கூட்டத்தைப் பார்த்தபடி.

அன்று படக்காரருக்குச் சொல்லமுடியாத பெருமை. முன்வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் பட்டறை ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் கடைசிப் போட்டோ திரையில் நின்றது. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அவர் தோலின் நிறத்தைச் சரியாகப் பிடித்திருந்தார் படக்காரர். சிவப்பு கொஞ்சம் கூடினால் குடித்தவர் மாதிரியும், நீலம் கூடினால் செத்தவர் மாதிரியும் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் உண்டு. அங்கே நிறுத்தியிருந்தார்.

மனைவி மைக்கில், "இப்ப என் தம்பி பேசுவான்" என்று சொல்லி, கேமராவைப் பார்த்துக் கையை அசைத்தாள். படக்காரர் ரிமோட்டில் இரண்டாவது இன்புட்டை அழுத்தினார்.

மச்சான் பச்சையாக வந்தான். முகம், சட்டை, பின்னாலிருந்த சுவர் எல்லாம் பாசி படிந்த மாதிரி பச்சை. லேப்டாப் ஒரு கணக்கில் நிறத்தை அனுப்ப, புரொஜெக்டர் வேறொரு கணக்கில் அதைப் புரிந்துகொண்டால் இப்படித்தான் ஆகும். காலையில் இருந்து வேலை செய்த லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைசி நேரத்தில் வேறொன்றை மாற்றி வைத்ததன் பலன். ஹாலில் ஒரு சலசலப்பு. பட்டறை ஆள் ஒருவர், "என்னய்யா இது, தவளை மாதிரி" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு படக்காரருக்குப் பழக்கமான சிரிப்பு. விரல் தானாகவே முதல் இன்புட்டுக்குப் போய்விட்டது. திரையில் மறுபடியும் மாமனார், மயிரிழை பிசகாத நிறத்தில்.

"ஒரு நிமிஷம்" என்று மனைவிக்குக் கையைக் காட்டிவிட்டு, லேப்டாப்பின் முன் குனிந்தார். சபைக்குத் தெரியாமல் லேப்டாப்பிலேயே மெனுவைத் திறந்தார். சிக்னலை மாற்றினார். ஒத்துவரவில்லை என்று பழையபடி வைத்தார். வேறொன்றை மாற்றினார். மெனுவுக்குப் பின்னால் மச்சானின் வாய் அசைந்துகொண்டிருந்தது. 'ஹலோ ஹலோ, கேக்குதா' என்கிறான் போல என்று முதலில் நினைத்தார். பிறகு அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். ஹலோ சொல்கிறவன் கண்ணைத் துடைக்க மாட்டான்.

மச்சான் பேசிக்கொண்டிருக்கிறான் என்று அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இதை எந்தச் சாக்குச் சொல்லியும் மூட முடியாது. ரிமோட் கையில் இருந்தது. பச்சையாக இருந்தால் இருக்கட்டும் என்று அழுத்தியிருக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் கேபிளைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மாமியார் மடியில் வைத்திருக்கலாம். ஆனால் தவளை என்று சொன்ன ஆள் முன்வரிசையில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு மாற்றம், அவ்வளவுதான், என்று படக்காரர் குனிந்தபடியே இருந்தார்.

அங்கே மச்சானுக்குத் தெரிந்ததெல்லாம் கேமரா காட்டியதுதான். அமைதியாக உட்கார்ந்திருக்கும் சபை. முதல் வரிசையில் தன்னையே பார்த்துக் கண்ணீர் விடும் அம்மா. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் புருஷனின் போட்டோவை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தான். அம்மா பதில் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒருவழியாக லேப்டாப்பின் கணக்கு புரொஜெக்டரின் கணக்கோடு ஒத்துவந்தது. படக்காரர் இரண்டாவது இன்புட்டை அழுத்தினார். திரையில் அருமையான படம் விழுந்தது. சுவரின் வெளிர் மஞ்சள் வெளிர் மஞ்சளாகவே இருந்தது. நாற்காலியின் மரம் மரமாக இருந்தது. அதன் முதுகில் தொங்கிய கோட்டின் தையல்கூடத் தெரிந்தது. நாற்காலியில்தான் யாரும் இல்லை. அப்புறம் ஒரு கை குறுக்கே வந்து, இணைப்பு அறுந்தது.

"என்ன ஆச்சு?" என்று மனைவி ஓடிவந்து கேட்டாள்.

"நெட்வொர்க்" என்றார் படக்காரர்.

எல்லாப் பழியையும் வாய் திறக்காமல் சுமக்க நெட்வொர்க் என்று ஒன்று இருப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய வசதி. யாரும் அதைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு மச்சான் போன் செய்வதை நிறுத்திக்கொண்டான். தான் சொன்னதையெல்லாம் கேட்டபிறகும் அம்மா வாய் திறக்கவில்லை என்று அவன் நினைத்தான். அவன் பேசவே பிடிக்காமல் எழுந்துபோனான் என்று அம்மா நினைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ரொட்டியை மெல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார் படக்காரர்.

அடைமழை நாள் ஒன்றில், பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கும் கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. மேனேஜர் திரைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்க லோகோ சிவப்பு. நீங்க காட்டறது ஆரஞ்சு."

"இப்ப சரி பண்ணிரலாம் சார். கலர் மோடு டைனமிக்ல இருக்கு. நேச்சுரல்ல போட்டா சரியாயிரும்."

"இப்ப இருட்டா இருக்கே?"

"ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டா கரெக்டா இருக்கும் சார்."

"திரையை இழுத்தா டாக்டருங்க தூங்கிருவாங்க. போன தடவை ஒருத்தர் குறட்டையே விட்டார்."

"அப்ப கொஞ்சம் ஆரஞ்சைப் பொறுத்துக்கணும் சார்."

"நீங்க ஒரு மாதிரியான ஆளுதான்யா. சரி, விடுங்க. எங்க டைரக்டர் வேற ஊர்ல இருந்து பேசறார். அவரு அந்த லேப்டாப்ல இருக்கார். நான் சொன்னதும் மாத்திருங்க."

டாக்டர்கள் வந்து நிறைந்தார்கள். மேனேஜர் கண்ணைக் காட்டினார். படக்காரரின் கட்டைவிரல் இன்புட் பட்டனின்மேல் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பக்கத்து லேப்டாப்பில் டைரக்டரின் வாய் அசைய ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்ததும் படக்காரரின் விரல் அவசரத்தில் எங்கேயோ அழுத்தி, ஒன்றும் மாட்டாத மூன்றாவது இன்புட்டுக்குப் போய்விட்டது. நீலம். அறை முழுக்க நீலம். 'சிக்னல் இல்லை.' டாக்டர்களின் வழுக்கைத் தலைகளெல்லாம் நீலமாகின.

"என்னங்க இது?" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

"நெட்..." என்று ஆரம்பித்த படக்காரர் அங்கேயே நின்றார். "என் தப்பு சார். தப்பான பட்டனை அழுத்திட்டேன்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தொழிலில் அப்படிப் பதில் சொல்லும் ஆளை அவர் கண்டதில்லை போலிருக்கிறது. "சரி, சரி, மாத்துங்க" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை. ஒரு டாக்டர் கொட்டாவி விட்டார். இதற்காகவா அன்று குனிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது படக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

நனைந்துபோய் வீடு திரும்பினார். சமையலறையில் மனைவி அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"தம்பி பேசினான்" என்றாள். "நானாத்தான் கூப்பிட்டேன். ஏன்டா அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலேன்னு கேட்டா, என்னைத் திட்டறான்."

படக்காரர் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"'எல்லாத்தையும் சொன்னேனே அக்கா, அத்தனை பேருக்கு முன்னாடி வெக்கத்தை விட்டு அழுதேனே, அம்மா கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சே'ங்கறான். என்னடா சொன்னேன்னு கேட்டா, 'நீயும்தானே அங்க நின்னே'ன்னு போனை வெச்சுட்டான். ஏங்க, எனக்கு ஒண்ணுமே புரியல. நெட்வொர்க் போச்சுன்னா அவனுக்கு எப்படி அம்மா தெரிஞ்சுது?"

"நெட்வொர்க் போகல."

"என்னது?"

"போகல. அவன் பேசினான். நான்தான் போடல."

அவள் கரண்டியை எடுக்க மறந்து நின்றாள். அவர் சொன்னார். பச்சையைச் சொன்னார். தவளை என்று கேட்ட சிரிப்பைச் சொன்னார். குனிந்திருந்ததைச் சொன்னார். கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

"பார்த்தீங்க. அவன் அழறதைப் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"பார்த்துட்டுக் கலரைச் சரி பண்ணிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"எங்கப்பா உங்களைச் சொன்னதெல்லாம் தப்புன்னு நான் எத்தனை தடவை அவரோட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள். "அடிக்கிற வெளிச்சத்தை எங்கம்மா மேல கொஞ்சம் அடிச்சிருக்கக் கூடாதா?"

"மனசு அறுக்குது. தினமும் டீயைக் குடுத்துட்டு அத்தை என்னைப் புகழறப்ப, எங்காவது போய் விழுந்துரலாமான்னு இருக்கு."

"விழுந்துட்டா? அம்மாகிட்ட யார் சொல்றது? நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டாம் அந்தப் பாவம். நீங்களே போய்ச் சொல்லுங்க. இப்பவே."

மாமியார் உள்ளறையில், விரித்துக் கட்டியிருந்த திரைக்குக் கீழே உட்கார்ந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் திரை மெல்ல அசைந்தது. படக்காரர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மருமகன் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாளின் கை நின்றது.

"என்ன மாப்ள? சாப்பிட்டீங்களா?"

"அத்தை, அன்னைக்கு மச்சான் சும்மா எந்திரிச்சுப் போகல. பேசினான். ரொம்ப நேரம் பேசினான். நீங்க கேக்க முடியாமப் பண்ணினது நான்தான்."

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் சுருளை இறுக்கிக் கட்டிப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க" என்றார்.

படக்காரர் புரொஜெக்டரைக் கொண்டுவந்து வைத்து, அதன் பின்பக்கத்தைத் திருப்பினார். இரண்டு வயர்களை எடுத்து அந்த அம்மாளின் இரண்டு கைகளிலும் கொடுத்தார்.

"இதுல மாமா போட்டோ இருந்துச்சு. இதுல மச்சான் இருந்தான்."

"ரெண்டும் ஒண்ணா வராதா?"

"வராது அத்தை. ஒண்ணைத்தான் காட்டும்."

அந்த அம்மாள் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அவரு இருந்தவரைக்கும் வீட்டுலயும் அப்பிடித்தான்" என்றார். அவர் சிரிக்க முயன்றது மாதிரி இருந்தது. வாய் கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. வாசலில் நின்ற மகள் ஓடிவந்தாள். அந்த அம்மாள் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நான் அவனை என்னவெல்லாம் நினைச்சேன். பெத்த பிள்ளைய நாக்கூசாம நன்றி கெட்டவன்னு மனசுக்குள்ள வைஞ்சேன். மாப்ள, தினமும் டீ குடுக்கறப்ப வெளியவே சொல்லியிருக்கேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

படக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனைக் கூப்பிடு" என்றார் மகளிடம். "போன்ல வேண்டாம். இதுல போடுங்க. பெருசாப் பார்க்கணும்."

திரை ஈரமாக இருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, வெறும் சுவரிலேயே படத்தை விழவைத்தார் படக்காரர். காலண்டர் மாட்டிய ஆணி ஒன்று சுவரில் நின்றது. அக்கா தம்பியிடம் என்ன சொன்னாளோ, அவன் ஒப்புக்கொண்டான். படக்காரர் இரண்டாவது இன்புட்டை அழுத்தினார். சுவரில் முகம் விழுந்தது.

பச்சை. அன்றைய அதே லேப்டாப்; அன்று செய்த மாற்றம் அதில் நிற்கவில்லை, அதே பச்சை. வேலை தெரிந்த கை அல்லவா, அதுபாட்டுக்கு மெனுவைத் தேடிப் போனது.

"தொடாதீங்க மாப்ள."

கை நின்றது.

"பச்சையா இருந்தா இருக்கட்டும். பேசட்டும்."

படக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். அந்த ஆணி மச்சானின் கன்னத்தில் மச்சம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் லேப்டாப்புக்கு முன்னால் வந்து, "மச்சான், அன்னைக்கு நீ பேசினது யாருக்கும் கேக்கல. அத்தைக்கும் கேக்கல. தப்பு முழுக்க என்னுது" என்றார்.

சுவரில் இருந்த பச்சை முகம் கேமராவை நெருங்கி வந்து பெரிதானது.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா? அம்மா அழுதுச்சே. நான் பார்த்தேனே."

"அது உங்கப்பா படத்தைப் பார்த்துடா" என்றார் அம்மா. "நீ ஒரு கணம்தான் தெரிஞ்சே. அப்புறம் வெறும் நாற்காலிதான் தெரிஞ்சுது. பேசப் பிடிக்காம எந்திரிச்சுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"அம்மா..."

"என்னடா சொன்னே அன்னைக்கு?"

அவன் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

"அது அன்னைக்குச் சொன்னதும்மா. எத்தனையோ நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்து, அன்னைக்கு எப்படியோ வந்துருச்சு. இப்ப கேட்டா வரல."

"ஒரு வார்த்தையாச்சும்?"

"வரலம்மா."

படக்காரர் சுவரைப் பார்க்க முடியாமல் கேபிள் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், உடைத்ததை ஒட்டலாம். இதை என்ன செய்வது?

"சரி, வராட்டி விடு" என்றார் அம்மா. "நான் கேட்டிருந்தா என்ன பதில் சொல்லியிருப்பேனோ அதைச் சொல்றேன். அன்னைக்கு வராதேன்னு சொன்னேன்ல, அது வாய் சொன்னது. நீ வீட்டுக்கு வாடா."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் உடைந்துவிடுவான் என்று தெரிந்தது. பிறகு அம்மா சாப்பாட்டைக் கேட்டார், குளிரைக் கேட்டார், கோட்டு ஏன் இவ்வளவு பழசாக இருக்கிறது என்று திட்டினார். அவன் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். லீவு போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தான். மகள் லேப்டாப்பை மூடிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, கருகிய கஞ்சியைப் பார்க்கப் போனாள்.

சுவர் நீலமானது. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து ஆணிக்குக் கீழே நின்றது. படக்காரர் அதை அணைக்கவில்லை. யார் பார்த்தால் என்ன என்று இருந்தது. மாமியாரின் நரைத்த தலையும் கைகளும் அந்த வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தன.

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் சுவரையே பார்த்தபடி, "அன்னைக்கு அவன் பேசினதை இந்த உலகத்துல பார்த்தது நீங்க ஒருத்தர்தான், இல்லையா மாப்ள?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"சத்தம் இல்லாட்டிப் பரவாயில்ல. முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

படக்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். கான்ட்ராஸ்ட் எத்தனையில் இருந்தது என்று நினைவுக்கு வந்தது. எந்தக் கோட்டை எங்கே நகர்த்தினார் என்பது வந்தது. சுவரின் மஞ்சள் வந்தது. மச்சானின் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார்.

"எனக்குப் பாதி முகம்தான் தெரிஞ்சுது அத்தை" என்றார். "மீதியை மெனு மறைச்சிருந்துச்சு."

மாமியார் அவர் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"தெரிஞ்ச பாதியைச் சொல்லுங்க."